கரிஸ் ஃபவுண்டனும் கிங்ஸ் பார்க்கும்

எழுபதுகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிறுவர்களாக இருந்த எங்களுக்குக் கால்பந்து என்றால் அது கரிஸ் ஃபவுண்டன் மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து அப்பாவுடன் பேருந்தில் நகரத்துக்கு வந்து, வறுகடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போவோம். பெரியா, வெருளம் சபர்ப்ஸ், மேனிங் ரேஞ்சர்ஸ் ஆகிய அணிகளை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான்.

அப்பா பிறந்தது சோம்ட்சூ சாலையில் இருந்த மேகசின் பேரக்ஸில். நகராட்சித் தொழிலாளர்களாகிய தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. அறுபதுகளில் நிறவெறிச் சட்டத்தின்படி அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய பிறகும், பழைய ஆட்டங்களைப் பேசும்போது அவர் 'நம்ம பேரக்ஸ்' என்றே சொல்வார். 1961-இல் நிறம் பாராமல் ஆடத் தொடங்கிய தென்னாப்பிரிக்க சாக்கர் லீக்கில் அவலான் அத்லெட்டிக், ஏசஸ் யுனைட்டட், மொரோக்கா ஸ்வாலோஸ் போன்ற அணிகளை அவர் இளைஞராகப் பார்த்திருக்கிறார். அந்த லீக் சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனதற்கு ஆட்டத்தில் குறை காரணமல்ல, அதிகாரிகள் விளையாட மைதானம் தர மறுத்ததே காரணம் என்பதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெனால்டி உதைக்கும்போது அவர் பந்தைப் பார்க்கமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வரிசைகளைப் பார்ப்பார். கோலா இல்லையா என்பதைக் கூட்டமே சொல்லிவிடும் என்பார்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபீஃபா, நிறவெறிக் கொள்கைக்காக 1961-இல் தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது, 1976-இல் வெளியேற்றியே விட்டது. ஆகவே, 1992 ஜூலை 7 அன்று கேமரூனுக்கு எதிராக நாட்டின் அணி மீண்டும் களம் இறங்கியபோது, அந்த ஆட்டம் எங்கள் டர்பனில் கிங்ஸ் பார்க்கில் நடக்கிறது என்ற செய்தியையே நம்ப முடியாமல் நாங்கள் அலைந்தோம். பேரக்ஸிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தும், அப்பா அந்த ரக்பி அரங்கத்துக்குள் அதுவரை ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. எதிரணியோ 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போன அணி. ஆட்டம் முடியும் தறுவாயில் நமக்குப் பெனால்டி கிடைத்தது. நம் ஆட்டக்காரர் டாக்டர் குமாலோ (டாக்டர் என்பது அவர் பெயர்தான், பட்டமல்ல) பந்தை வைத்துப் பின்வாங்கியபோது, வழக்கம்போலவே அப்பா திரும்பிக்கொண்டார்.

அன்று அவர் கோலைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, ஒரே வரிசையில் அமர்ந்திருந்த கறுப்பர்களும் வெள்ளையர்களும் நம்மவர்களும் ஒரே நொடியில் எழுந்து, முன்பின் அறியாதவர்களைக் கட்டிப்பிடித்ததை. 1-0 என்று வென்றோம். அடுத்து கேப் டவுனில் தோற்று, ஜோகன்னஸ்பர்க்கில் சமன் செய்தோம்; அந்த இரண்டையும் அவர் பேசியதே இல்லை. குமாலோ எந்த மூலையில் உதைத்தார் என்று யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டிவிட்டு, அந்த வரிசைகளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்வார்.

1997-இல் மேனிங் ரேஞ்சர்ஸ் நாட்டின் முதன்மை லீக்கான பிஎஸ்எல்லின் முதலாவது பட்டத்தை வென்றதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1928-இல் டர்பனின் மேனிங் தெருப் பையன்கள் தொடங்கிய அணி, கோர்டன் இகசுண்டின் பயிற்சியில் கைசர் சீஃப்ஸ் போன்ற பெரிய அணிகளையெல்லாம் முந்தியபோது சாட்ஸ்வொர்த்தே தெருவுக்கு வந்துவிட்டது. அந்த அணி பின்னர் நம் ஊரைவிட்டே போனது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம்.

அப்பா காலமான பிறகு, 2010 உலகக் கோப்பையின் அரையிறுதிக்கு மகனை அழைத்துக்கொண்டு, கிங்ஸ் பார்க்கின் பக்கத்திலேயே எழுந்த மோசஸ் மபீடா அரங்கத்துக்குப் போனேன். அன்றும் ஜூலை 7 என்பதை நுழைவுச்சீட்டில் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஜெர்மனிக்கு எதிராக ஸ்பெயினின் புயோல் தலையால் முட்டிய கோலை நாங்கள் நேராகவே பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்களைப் போல ஊர்தியைத் தேடாமல் சோம்ட்சூ சாலை வழியாக நடந்து, அவன் தாத்தா பிறந்த இடம் சுமாராக எங்கே இருந்திருக்கும் என்று காட்டினேன்.