அல்ட்ராசவுண்டில் 18 மி.மீ., எம்.ஆர்.ஐ.யில் 31 மி.மீ.: எதை நம்பி முடிவெடுப்பது?

கேள்வி:
வணக்கம். 47 வயதான என் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. ஊசி வழியே திசு எடுத்துப் பார்த்ததில் இன்வேசிவ் லோபுலர் வகை (பால் சுரக்கும் நுண்பைகளில் தொடங்கிச் சுற்றுத் திசுவுக்குப் பரவும்) புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. மாமோகிராமில் கட்டி சரியாகவே தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில் 18 மி.மீ., எம்.ஆர்.ஐ.யில் 31 மி.மீ. அதே மார்பின் வேறொரு பகுதியில் 7 மி.மீ. அளவில் இன்னொரு புள்ளி இருப்பதாகவும், அது பை-ராட்ஸ் 4 (மார்பகப் படங்களுக்கான தரவரிசையில் ‘சந்தேகத்துக்குரியது’) என்றும் எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. கட்டியை மட்டும் அகற்றினால் போதும் என்றிருந்த அறுவை சிகிச்சை நிபுணர், இப்போது மார்பை முழுவதும் எடுத்துவிடலாம் என்கிறார். அந்தப் புள்ளிக்காக மார்பையே இழக்கத்தான் வேண்டுமா?

மறுமொழி (கதிரியக்கவியல் மருத்துவர்):
புள்ளியைப் பயாப்ஸி செய்யாமல் அந்த முடிவுக்குப் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பை-ராட்ஸ் 4 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் குறிவைத்து மீண்டும் அல்ட்ராசவுண்ட் செய்தால் பல நேரங்களில் புள்ளி அகப்படும்; அகப்படாவிட்டால் எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலில் பயாப்ஸி செய்யலாம்.

அளவு வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. லோபுலர் வகையில், செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதரின் என்ற புரதம் பெரும்பாலும் இல்லாமல் போவதால், அவை திரண்டு உருண்டையாகாமல் எறும்பு வரிசைபோலத் திசுவுக்குள் ஊர்ந்து பரவுகின்றன. அதனால் மாமோகிராம் தவறவிடும், அல்ட்ராசவுண்ட் குறைத்துக் காட்டும். இந்த வகையில் எம்.ஆர்.ஐ.யின் அளவே பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அதுவும் சில வேளைகளில் கூட்டிக் காட்டும்.

மறுமொழி (மார்பக அறுவை சிகிச்சை மருத்துவர்):
எல்லாருக்கும் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. பிரிட்டனில் 1,623 பெண்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான கோமிஸ் ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மறு அறுவை விகிதம் ஒன்றுபோல 19 சதவீதமாகவே இருந்தது. ஆனால் லோபுலர் வகைக்கு அதை எடுத்தது சரியே.

பயாப்ஸியில் இரண்டாவது புள்ளியும் புற்றுநோய் என்று வந்தால்கூட, மார்பின் அளவுக்கு ஏற்ப இரண்டையும் தனித்தனியே அகற்றிக் கதிர்வீச்சு கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே மார்பில் இரண்டு மூன்று கட்டிகள் உள்ள, 40 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் அமெரிக்காவில் அப்படிச் செய்து பார்த்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது; ஐந்து ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது 3.1 சதவீதத்தினருக்கே.

மறுமொழி (சிகிச்சை முடித்தவர்):
எனக்கும் இப்படி ஒரு புள்ளி வந்தது; பயாப்ஸியில் அது வெறும் ஃபைப்ரோஅடினோமா, அதாவது புற்றுநோயல்லாத கட்டி. குப்புறப் படுத்து, மார்பு தொங்குவதற்கென்றே விட்டிருக்கும் பள்ளத்தில் அசையாமல் இருந்த அரை மணி நேரமும், படத்தில் திசுவை ஒளிரவைக்கும் மருந்து கை நரம்பில் ஏறும்போது ஓடிய குளிர்ச்சியும் இன்னும் நினைவில் இருக்கின்றன. என் முதல் எம்.ஆர்.ஐ. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எடுக்கப்பட்டதால் இயல்பான திசுவே பல இடங்களில் ஒளிர்ந்து குழப்பியது. அக்காவுக்கு எந்த நாளில் எடுத்தார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பயாப்ஸி செய்யும்போதே அந்த இடத்தில் சிறு உலோகக் கிளிப் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அறுவையின்போது 7 மி.மீ. புள்ளியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.