தொண்டையில் முள் குத்துகிற மாதிரி வலி: ஆபரேஷன் இல்லாமல் சமாளிப்பவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வலது பக்கத் தொண்டையில் மீன் முள் சிக்கியது போல உறுத்தல். எச்சில் விழுங்கினால் காது வரை இழுக்கும். போர்டில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் தாடையோரம் சுருக்கென்று குத்தும். முதலில் டான்சில் என்றார்கள், அப்புறம் கடைவாய்ப் பல் என்றார்கள். கடைசியில் பாலக்காட்டில் ஒரு இ.என்.டி. டாக்டர் வாய்க்குள் விரல் விட்டு டான்சில் பக்கம் அழுத்தினார். அதே வலி! அங்கேயே மரத்துப்போகும் ஊசி போட்டதும் அடங்கிவிட்டது. சி.டி. ஸ்கேனிலும் தெரிந்தது: ஈகிள் சிண்ட்ரோம்.

காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு சாதாரணமாக இரண்டரை செ.மீ. இருக்கும். 3 செ.மீ.க்கு மேல் போனால் நீளம் என்கிறார்கள். அது பக்கத்து நரம்புகளை உரசுவதால்தான் வலி. 1937-இல் வாட் ஈகிள் என்ற அமெரிக்க டாக்டர் இதைப் பற்றி எழுதினார், அதனால் இந்தப் பெயர். எலும்பு நீண்டவர்களில் பெரும்பாலோருக்கு வலியே வராதாம். ஸ்கேனைப் பார்த்து உடனே கத்திக்குப் பயப்படாதீர்கள்.

எனக்கு வலி மாத்திரையோடு இரவில் கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தும் கொடுத்தார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். ஆரம்பத்தில் காலையில் தலை கிறுகிறுத்தது, பிறகு பழகிவிட்டது. வலி மீறியபோது டான்சில் குழியில் ஸ்டீராய்டு ஊசி. மருந்தால் எலும்பு குறையாது, வலிதான் குறையும். எனக்கு அதுவே போதும், வகுப்பில் நின்று பாடம் நடத்த முடிகிறது. இப்போது கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறேன்.

வாளையார் அண்ணன்:
டீச்சர், என் வீட்டுக்காரிக்கும் இதேதான். அவளுக்குக் கார்பமசெபின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்து கேட்டது. ஆனால் அதற்கு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்க யாரும் விடாதீர்கள்.

குமுளி தங்கை:
எங்கள் அம்மா கதை வேறு, அண்ணா. தலையைத் திருப்பினாலே கண் இருட்டி மயக்கம் வரும். எலும்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அழுத்தியிருக்கிறது. அவருக்கு மாத்திரையோடு நிறுத்தவில்லை, ஆபரேஷன்தான் செய்தோம். மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் தயவுசெய்து வீட்டில் காத்திருக்காதீர்கள்.