ஆய்வேட்டில் சொந்தக் கருத்து எழுதலாமா?

நொய்யல்கரை:
திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவும் நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையும்தான் என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பு. "பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப் போனதற்குப் பட்டறைகளோடு கண்காணிக்க வேண்டியவர்களும் பொறுப்பு" என்று எழுதியிருந்தேன். கைடு சிவப்பு மையில் அடித்துவிட்டார். "இது உன் கருத்து, ஆய்வில் இடமில்லை" என்கிறார். உங்களுக்கு என்ன படுகிறதுங்க?

காங்கயத்தான்:
கைடு சொன்னதுதான் சரிங்க தம்பி. கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்தீர்கள், அதை எழுதுங்கள். யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளர் வேலை இல்லை. விவசாயிகள் மேல் உள்ள பரிவு ஒரு வரியில் தெரிந்தால் போதும், எதிர்த்தரப்பு மொத்த ஏட்டையும் ஒதுக்கிவிடும்.

பவானி டீச்சர்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. வெறும் அளவுதான் வேண்டுமென்றால் ஆய்வகச் சீட்டே போதுமே! எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்வதே ஒரு கருத்துதான்.

தம்பி, அந்த வரியை எடுக்காதீர்கள், ஆதாரம் கொடுங்கள். "கண்காணிக்க வேண்டியவர்கள்" என்றால் எந்தத் துறை? எந்த ஆண்டு அனுமதி கொடுத்தார்கள், அப்புறம் எப்போது சோதித்தார்கள்? கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது. அது நிறைவேறாமல்தான் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது என்று காட்டிவிட்டு, "ஆகவே கண்காணிப்பு தவறியது என்பது என் முடிவு" என்று எழுதுங்கள். யாரும் அடிக்க முடியாது.

காங்கயத்தான்:
நீதிமன்றம் இரண்டு தரப்பையும் கேட்டது. இந்த ஏட்டில் பட்டறைக்காரர் தரப்பு எங்கே? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கடன் வாங்கிப் பணம் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

பவானி டீச்சர்:
அதையும் எழுதத்தான் வேண்டும், வலுவாகவே எழுத வேண்டும். அது ஏன் போதவில்லை என்று அடுத்த பத்தியில் காட்டினால்தான் தம்பியின் கருத்து நிற்கும். அதை விட்டுவிட்டு, யார் சொல்கிறார்கள் என்றே தெரியாமல் "அறியப்படுகிறது", "கருதப்படுகிறது" என்று எழுதுவது நடுநிலை ஆகாது. சொன்னதற்குப் பொறுப்பேற்காமல் நழுவுவது அது.

காங்கயத்தான்:
சரி, ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன். அளவுகள் வரும் இயலில் கருத்து கலக்கக் கூடாது. உங்களோடு உடன்படாதவரும் அந்த எண்களை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பவானி டீச்சர்:
அது நியாயம். கருத்து கடைசி இயலுக்குப் போகட்டும். ஆனால் அந்தக் கிணறுகளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை முறையியல் இயலிலேயே "நான்" என்று போட்டுச் சொல்லட்டும்.

நொய்யல்கரை:
அனுமதி, சோதனை விவரங்களைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறேன் டீச்சர். பதில் வந்ததும் அந்தப் பத்தியை இங்கே போடுகிறேன், அண்ணாவும் பார்த்துச் சொல்லுங்க.