புதுப்பிப்பு: கூட்டமில்லாத மலை நடை, மறையூர் பக்கமே முடிவாச்சு

மூணாறைச் சுத்தி நாலஞ்சு நாள் மூட்டையோட நடக்க ஆளரவம் இல்லாத வழி இருக்கான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூணாறு பக்கத்துல இருக்கிற மீசப்புலிமலைச் சிகரம் வேண்டாம்னு விட்டாச்சு. 2,640 மீட்டர், அழகுதான், மறுக்கல. ஆனா லீவு நாள்ல ஜீப் வரிசையைப் பார்த்தாலே ஆசை போயிடும். தேனிப் பக்கம் குரங்கணி வழியா இறங்கலாம்னு ஒருத்தர் சொன்னார். அங்க மலையேறப் போனவங்க பலர் செத்துப்போன 2018 மார்ச் காட்டுத்தீக்கு அப்புறம், கோடையில, அதுவும் அனுமதியில்லாம அந்தச் சரிவுல கால் வைக்க எனக்கு மனசில்ல.

அதனால சின்னாறு வனவிலங்கு சரணாலயம், பக்கத்து ஊர்களான மறையூர், காந்தளூர். சின்னாறு மழை மறைவுப் பகுதி, தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துடும். மூணாறு நனைஞ்சு கிடக்கிற ஜூலையிலயும் இங்க முள்ளுக்காடு காய்ஞ்சுதான் நிக்கும். இங்க நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். சாம்பல் நிற மலை அணில் பாக்கணும்னா பாம்பாறுங்கற ஆத்தோட கரை மரங்களை அண்ணாந்து பாருங்க.

காட்டுக்குள்ள இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது. வனத்துறை தங்குமிடம், கூடவே வழிகாட்டி, அவ்வளவுதான். வழிகாட்டியா வர்றவங்க பெரும்பாலும் இங்கத்த மலைவாசி மக்கள், தமிழ்லயே பேசிக்கலாம். போன வாரம் விசாரிக்கப் போனப்ப ஒரு அண்ணன் பாதையில கிடந்த யானைச் சாணியைக் கால் விரலால புரட்டிப் பார்த்துட்டு, "காலைலதான் போயிருக்கு, சுத்திப் போலாம்"னார். கூடாரத்தை வீட்டுலயே வச்சிடலாம்னு அப்பவே தோணிடுச்சு.

சாப்பாட்டுக்கு அவல், பருப்புப்பொடி, மறையூர் வெல்ல உருண்டை. காந்தளூர்ல இருந்து மன்னவன் சோலைக் காட்டுப் பக்கம் போக அனுமதி கேட்டிருக்கேன், கிடைச்சதும் எழுதறேன்.