மலை ரிசார்ட் ஊரில் சாமான் வைக்க ஸ்டோரேஜ் அறை: எந்த அளவு, ஹீட்டிங் அவசியமா, என்ன கேட்க வேண்டும்?

மேட்டுவீடு

வணக்கம் நண்பர்களே. ஃபிளாட் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிசார்ட் ஊரில். குளிர்காலம் முழுக்கப் பனி. சீசனில் விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதால் சொந்தச் சாமான்களை வெளியே ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும்.

வைக்க வேண்டியவை: மூன்று பேர் உட்காரும் சோபா, ஃபோம் மெத்தை ஒன்று, சின்ன ஃபிரிட்ஜ், ஏறக்குறைய 15 பெட்டிப் புத்தகங்கள், நான்கு செட் ஸ்கீ, பூட்ஸ், இரண்டு சைக்கிள் (ஒன்று எலெக்ட்ரிக்), கொஞ்சம் துணிமணி.

எந்த அளவு அறை போதும்? ஹீட்டிங் உள்ள அறைக்கு வாடகை கணிசமாகக் கூடுதல், அது தேவைதானா? ஒப்பந்தம் போடுமுன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? ஸ்கீ மட்டும் குளிர்காலத்தில் அடிக்கடி எடுக்க வேண்டிவரும். மற்றவை ஆறு மாதம் தொடாமல் கிடக்கும்.

---

சரிவுப்பாதை

அளவை முதலில் முடித்துவிடலாம். இந்தச் சாமான்களை 5×10 அடி அறையில் அடுக்க முடியும். உயரம் பொதுவாக 8 அடி இருக்கும், அதனால் 7 அடி சோபாவைக்கூட நிமிர்த்தி நிறுத்தலாம். ஆனால் ஃபோம் மெத்தையை மாதக்கணக்கில் நிமிர்த்தி வைத்தால் அதன் எடையிலேயே மடங்கிச் சரிந்து, அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். அதைப் படுக்கவைத்து, மேலே எதையும் ஏற்றாமல் விட வேண்டும். அதுவே தரையில் பாதியை எடுத்துக்கொள்ளும். ஸ்கீயை வாராவாரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நடுவில் இரண்டடி நடைவழியும் வேண்டும். ஆகவே 10×10. ஐயம் இருந்தால் வீட்டுத் தரையில் டேப் ஒட்டி அந்த அளவைக் குறித்துச் சாமான்களை அடுக்கிப் பாருங்கள், அரை மணி நேர வேலை.

அறையின் அகலமும் ஷட்டர் திறப்பும் ஒன்றல்ல. 10 அடி அறைக்குத் திறப்பு பெரும்பாலும் 9 அடிக்கும் குறைவு, 5 அடி அறைக்கு 4 அடிக்கும் குறைவு. மாடியில் அறை என்றால் லிஃப்ட்டின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

அளவைவிட இடத்தேர்வுதான் மலையில் முக்கியம். நேரில் போய்ப் பார்க்கும்போது:

கூரைச் சரிவு எந்தப் பக்கம்? சரிவு ஷட்டர் பக்கமாக இருந்தால், கூரையில் சேர்ந்த பனி மொத்தமும் ஒருநாள் சறுக்கி உங்கள் வாசலில் விழும். படிந்து இறுகிய பனி கன மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். அதைக் கையால் வாரி ஒதுக்கி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். கீழே நிற்பவருக்கு ஆபத்தும்கூட.

பனி அள்ளுவது யார் பொறுப்பு? பல இடங்களில் பனி தள்ளும் வண்டி நடுப்பாதையை மட்டும் சுத்தம் செய்யும், ஷட்டரிலிருந்து இரண்டு மூன்றடி வரை வராது, ஷட்டரில் இடித்துவிடும் என்ற பயம். தள்ளிய பனி வாசலுக்கு முன்னால் வரப்பு மாதிரிக் குவிந்து, இரவில் கல்லாக இறுகிவிடும். "எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் தள்ளுவீர்கள், காலை எத்தனை மணிக்குள், வாசல் வரை வருமா" என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஷட்டர் எந்தத் திசை? வடகோளத்தில் வடக்குப் பார்த்த வாசலில் வெயில் விழாது, உறைந்த பனி இளவேனில் வரை கரையாது. தெற்கு வாசல் இருந்தால் அதையே எடுங்கள்.

மலை அடிவார ஓடை பக்கத்தில் இருக்கிறதா? வெள்ளம் குளிர்காலத்தில் வராது, பனி உருகும்போது வரும். தரைமட்டம் பாதையைவிடச் சற்றாவது உயரமாக இருக்க வேண்டும். பனிச்சரிவு, வெள்ளம் குறித்து உள்ளாட்சி வெளியிடும் ஆபத்து வரைபடம் இருந்தால் அதில் மனையைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக கேட். கைப்பேசிச் செயலியால் மட்டும் திறக்கும் கேட் என்றால், அந்த இடத்தில் சிக்னல் வருகிறதா என்று அங்கேயே நின்று சோதிக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பல இடங்களில் வராது.

---

ஈரமானி

மேலே சொன்னதோடு முழுக்க உடன்பாடு. ஹீட்டிங் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத்தான் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குளிர் சாமானைக் கெடுப்பதில்லை. துணி, புத்தகம், ஸ்கீ எல்லாம் மைனஸ் 20 டிகிரியில் வருடக்கணக்கில் கிடக்கலாம். கெடுப்பது தண்ணீர். அது மழையாக வர வேண்டியதில்லை, காற்றோடு வரும். ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி செல்சியஸில் 9 கிராம் வரை நீராவி தாங்கும், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. 10×10 அறையில் ஏறக்குறைய 22 கன மீட்டர் காற்று இருக்கிறது. இளவேனிலில் வெளிக்காற்று ஈரத்தோடு 10 டிகிரிக்கு ஏறிவிடும், தகரக் கூரையும் சாமானும் இன்னும் 0 டிகிரியில் இருக்கும். உள்ளே காற்று ஒருமுறை மாறினாலே 100 கிராம் தண்ணீர் வரை படியலாம். நாளெல்லாம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூரையின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டுவது இதனால்தான். ஒழுகல் என்று நினைத்துக் கூரையைப் பழுதுபார்ப்பார்கள், பயன் இருக்காது. கூரைத் தகட்டுக்கு அடியில் இன்சுலேஷனோ, ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் கம்பளிப் பூச்சோ இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். வெறும் தகரம் தெரிந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம்.

"ஹீட்டிங் உண்டு" என்ற சொல் மட்டும் போதாது. மலை ஊர்களில் பல இடங்களில் அதன் பொருள் "தண்ணீர் உறையாத அளவுக்கு, 5 டிகிரி வரை" என்பதுதான். ஈரப்பதக் கட்டுப்பாடு அதில் சேராது. இரண்டு எண்கள் கேளுங்கள்: குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு, ஈரப்பதம் எத்தனை சதவீதத்தில் நிறுத்துகிறீர்கள். 60 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் புத்தகத்திலும் மெத்தையிலும் பூஞ்சை வர வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

உங்கள் பட்டியலில் புத்தகம், சோபா, மெத்தை மூன்றும் இருப்பதால், கட்டடத்துக்கு உள்ளே நடைபாதையிலிருந்து திறக்கும் ஹீட்டிங் அறையை எடுங்கள் என்பேன். வாசலில் பனி வாரும் வேலையும் அதில் இல்லை. வெறும் ஸ்கீயும் சைக்கிளும் என்றால் சாதாரண அறையே போதும் என்று சொல்லியிருப்பேன்.

எந்த அறையானாலும்:

சிமென்ட் தரை கீழிருந்து ஈரம் இழுக்கும். 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் தரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளியோ கறுத்த தரையோ தெரிந்தால் ஈரம் ஏறுகிறது. தெரியாவிட்டாலும் எல்லாமே மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) மேல்தான் ஏற வேண்டும். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கடுங்குளிரில் அந்தத் தகரத்தின் உள்பக்கம் உறைபனி பூக்கும்.

சோபாவையும் மெத்தையையும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போகாது. பருத்தி விரிப்பு போதும். கட்டுமுன் ஒரு முழு நாள் சூடான அறையில் காயவிடுங்கள்.

கால்சியம் குளோரைடு டப்பாக்கள் ஈரம் உறிஞ்சும், ஆனால் ஷட்டர் இடுக்கில் காற்று வந்துபோகும் அறையில் சில நாளில் நிரம்பிவிடும். நிரம்பி வழியும் உப்புநீர் ஸ்கீயின் எஃகு விளிம்பையும் சைக்கிள் செயினையும் அரிக்கும். வைத்தால் ஆழமான தட்டில், தரை மட்டத்தில் வையுங்கள், அலமாரி மேல் வேண்டவே வேண்டாம்.

அதிகபட்சம், குறைந்தபட்சம் பதிவுசெய்யும் சிறிய வெப்ப ஈரமானி ஒன்றைப் பின்மூலையில் தரையோடு வையுங்கள். ஷட்டர் பக்கத்தில் வைத்தால் தவறான எண் காட்டும்.

அறையைக் காற்றாட விட வேண்டுமா? உலர்ந்த கடுங்குளிர் நாளில் திறந்து வையுங்கள். இதமான, மூடுபனி நாளில் திறக்காதீர்கள். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் மேலே சொன்ன கிராம் கணக்கு அதைத்தான் சொல்கிறது. சறுக்கிவிட்டு வந்த ஸ்கீயும் பூட்ஸும் ஈரத்தோடு உள்ளே போனால் இத்தனை முன்னேற்பாடும் வீண். வீட்டில் ஓர் இரவு காய்ந்த பிறகே அறைக்குப் போக வேண்டும்.

---

நட்டும்போல்ட்டும்

ஸ்கீ, சைக்கிள், பூட்டு பத்தி மட்டும் சொல்றேன்.

சீசன் முடிஞ்சதும் ஸ்கீயைத் துடைச்சு, விளிம்புத் துருவை ரப்பர் கல்லால் எடுத்துட்டு, அடிப்பாகத்துல மெழுகைத் தடிமனா உருக்கிப் பூசி, விளிம்பும் மூடற மாதிரி விடுங்க. சுரண்ட வேண்டாம், அடுத்த சீசன் தொடக்கத்துல சுரண்டினா போதும். ஈரமான பைக்குள்ள வைக்காதீங்க. பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வைக்கற கவ்வி) ஸ்பிரிங்கைத் தளர்த்தணும்னு சிலர் சொல்வாங்க. நான் தொட வேண்டாம்னுதான் சொல்வேன். தளர்த்தினதை மறந்துட்டு அப்படியே சறுக்கப் போனா கால் போயிடும். பூட்ஸ்ல உள் லைனரைக் கழற்றிக் காயவெச்சு, திரும்பப் போட்டு, கொக்கியை முதல் பல்லுல லேசா மாட்டி வைங்க. திறந்தபடி விட்டா பிளாஸ்டிக் விரிஞ்சு வடிவம் மாறிடும்.

சைக்கிள்ல சாலை உப்பைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரை முழு அழுத்தத்துல விடுங்க. குளிர்ல காத்து தானா இறங்கும், வெப்பம் 10 டிகிரி குறைஞ்சா ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. போகும். பஞ்சர்னு நினைச்சுப் பயப்பட வேண்டாம். ட்யூப்லெஸ் டயர்னா உள்ளே இருக்கிற சீலன்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்) சில மாசத்துல காய்ஞ்சுடும், எடுக்கறப்போ புதுசா ஊத்தணும்.

எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. இது கட்டாயம். நிறைய ஒப்பந்தத்துல லித்தியம் பேட்டரிக்குத் தடையே இருக்கு. 40 முதல் 60 சதவீத சார்ஜில், உறையாத உலர்ந்த இடத்துல இருக்கட்டும், இரண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை பாருங்க. 0 டிகிரிக்குக் கீழே இருக்கற பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் உலோகமா எதிர்மின்வாயில படிஞ்சு, கொள்ளளவு போறதோட உள்ளே ஷார்ட் ஆகற ஆபத்தும் இருக்கு. வெளியிலிருந்து கொண்டுவந்தா சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்க.

பூட்டுக்குச் சாதாரண எண்ணெய் விட வேண்டாம், குளிர்ல கெட்டியாகி உள்ளே பிசினா நிக்கும். கிராஃபைட் பொடி போதும். வட்டமான டிஸ்க் பூட்டு நல்லது, வெட்டறதும் கஷ்டம், பனியும் குறைவாத்தான் நுழையும். சாவித்துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.

---

மேட்டுவீடு

மிக்க நன்றி. உள்நடைபாதை அறை எல்லாம் நிரம்பிவிட்டது, காத்திருப்புப் பட்டியல்தான் என்கிறார்கள். அதுவரை வெளி ஷட்டர் அறை எடுத்தால், ஷட்டர் தரையோடு உறைந்துவிட்டால் வெந்நீர் ஊற்றலாமா? ஃபிரிட்ஜுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

---

நட்டும்போல்ட்டும்

வெந்நீர் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துல அதுவே உறைஞ்சு இன்னும் பலமா ஒட்டும். இழுத்துத் தூக்கவும் வேண்டாம், அடி ரப்பர் கிழியும், இல்லேன்னா ஷட்டர் தகடு மடங்கும். அடிப்பட்டையை நீளவாக்குல உள்ளங்கையால தட்டி ஐஸை உடைச்சு, பிளாஸ்டிக் சுரண்டியால இடுக்கைச் சுத்தம் பண்ணுங்க. ஆல்கஹால் கலந்த ஐஸ் உருக்கி ஸ்பிரே கொஞ்சம் அடிக்கலாம். கல்லுப்பு போட்டா தடத்தையும் சிமென்ட்டையும் தின்னுடும். வராம இருக்கணும்னா மூடறதுக்கு முன்னாடி வாசப்படிப் பனியைப் பெருக்கி, ரப்பரைத் துடைச்சு, சிலிக்கான் ஸ்பிரே அடிங்க. ஷட்டர் பாரமா இருந்தா மேலே உள்ள ஸ்பிரிங்கை நீங்களே திருகப் பார்க்காதீங்க, அது கையை உடைக்கிற விசையோட இருக்கும். நிர்வாகத்தைக் கூப்பிடுங்க.

ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்னாடியே அணைச்சு, அடித்தட்டுத் தண்ணியைக் கொட்டி, உள்ளே துடைச்சு, கதவை ஒரு கை அளவு திறந்தபடி கட்டி வைங்க. நிமிர்ந்தே நிக்கணும். தண்ணி இணைப்பு இருந்தா குழாயை ஊதிக் காலி பண்ணுங்க, உறையும் தண்ணி 9 சதவீதம் பெருக்கும், வால்வு வெடிச்சுடும்.

---

கணக்குச்சாமி

ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக.

அறை உங்களுக்கு வாடகை, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையது. வீட்டுக் காப்பீட்டில் வெளியே வைத்த சாமான் சேருமா, உச்சவரம்பு என்ன என்று கேளுங்கள். பூஞ்சை, எலி, உருகிய பனிநீர் மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். வழக்கமாக வரும் சேதம் இந்த மூன்றும்தான். சாமான்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை நின்றால் பூட்டுப் போட்டு, பிறகு சாமானை ஏலம் விடும் உரிமை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆறு மாதம் ஊரில் இல்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் பணமில்லாமல் நடப்பதில்லை, கார்டு காலாவதியாகி நடக்கிறது. இன்னொருவர் எண்ணையும் மாற்றுத் தொடர்பாகக் கொடுங்கள். அறிமுக வாடகை எத்தனை மாதம், பிறகு எவ்வளவு ஏறலாம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

கேஸ் சிலிண்டர், பெட்ரோல், உணவு எதுவும் உள்ளே கூடாது. நீர் கலந்த பெயிண்ட் உறைந்தால் திரிந்துவிடும். சமவெளியில் மூடிய ஷாம்பு, பெயிண்ட் டப்பாக்கள் இந்த உயரத்தில் உப்பிக் கசியும், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். ஷட்டர் கீழ்மூலைகளைச் செம்புக் கம்பி வலையால் அடைக்க அனுமதி கேளுங்கள், இரும்புக் கம்பிச்சுருள் ஈரத்தில் துருத்துவிடும். புத்தகங்களை அட்டைப்பெட்டியிலிருந்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு.

உள்நடைபாதை அறை காலியாவது பெரும்பாலும் சீசன் வேலையாட்கள் ஊரைவிட்டுப் போகும் இளவேனில் இறுதியிலும், கோடை முடிந்து பனி விழுமுன் வரும் சில வாரங்களிலும். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தாலும் அந்த நாட்களில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். வெளி ஷட்டர் அறையை மாத ஒப்பந்தத்தில் மட்டும் எடுங்கள், சீசன் முழுமைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற முடியாது. இடைப்பட்ட காலத்துக்குப் புத்தகத்தையும் மெத்தையையும் மட்டுமாவது ஃபிளாட்டிலேயே பூட்டிய அலமாரியிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்க முடியுமா என்று பாருங்கள். மற்றவை தாங்கும்.