மலை ரோட்ல வண்டி நின்னப்போ வந்து நின்னவங்க: உங்க அனுபவம் சொல்லுங்க

சோலூர்மட்டம் 3பி:
ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டிருக்கு, எழுதிடறேன். கீழ்கோத்தகிரி ரோடு, சோலூர்மட்டம் தாண்டி வர்ற ஏத்தம், தெரியாதவங்க இங்க யாரும் இல்ல. சாயங்காலம், மிஸ்ட் இறங்கியாச்சு, வண்டில நான் மட்டும். டக்குனு ஒரு சத்தம், அப்புறம் அடில கடகடன்னு ஏதோ அடிக்குது, ஆக்சிலேட்டர் மிதிச்சா இஞ்சின் கத்துது, வண்டி நகரல. பின் வீலுக்கு இஞ்சின் இழுவையக் கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட கிராஸ் போயிருச்சு. சரி இறங்கிப் பாப்போம்னு ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு கால எடுக்கறேன், வண்டி பின்னாடி போகுது. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டேன், அப்பவும் போகுது. பழைய 3பி ஜீப் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், அதுல ஹேண்ட்பிரேக் டிரம் வீல்ல கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இழுவையப் பிரிக்கற பெட்டி) பின்னாடி, அதாவது ஷாஃப்ட் போச்சுன்னா ஹேண்ட்பிரேக்கும் போச்சு, கியரும் பிடிக்காது. மிச்சம் கால் பிரேக் ஒண்ணுதான். ஃபோர் வீல் போடலாம்னா முன் வீல ஷாஃப்ட்டோட சேக்கற ஹப் ஃப்ரீல கிடக்கு, அதத் திருப்பறதுக்கு இறங்கணும், இறங்கினா பின்னாடி தேயிலைச் சரிவு. போன்ல டவர் இல்ல.

உக்காந்திருக்கேன். தொடைல இருந்து கால் நடுங்க ஆரம்பிச்சிருச்சு, மாத்தி இடது கால வைக்கலாம்னா அதுக்கும் பயம். அப்போ கொழுந்து எடை போட்டுட்டு வீட்டுக்குப் போற அம்மா ஒருத்தங்க வந்தாங்க, தலைல துண்டு, இடுப்புல அந்த பிளாஸ்டிக் ஷீட் கட்டிருப்பாங்கல்ல, கால்ல கம்பூட்ஸ். என் மூஞ்சியப் பாத்தாங்க, குனிஞ்சு என் காலப் பாத்தாங்க. ஒரு கேள்வி கேக்கல. ரோட்டோரம் கிடந்த கல்ல ரெண்டு கையால உருட்டிட்டு வந்து பின் டயருக்கு அண்டக் குடுத்துட்டு, "கொஞ்சமா விடு சாமி... இன்னும் கொஞ்சம்... ம், போதும்"னாங்க. வண்டி கல்லு மேல சாஞ்சு நின்னுச்சு. அப்பவும் எனக்கு கால் எடுக்க வரல. அந்தப் பக்க டயருக்கும் ஒரு கல்லு கொண்டாந்து வச்சுட்டு, "எடு, ஒண்ணும் ஆகாது. ஒரு கட்டை கூடவா வச்சுக்க மாட்ட?"

ஹப்ப லாக் பண்ணி, ஷாஃப்ட்டக் கழட்டி உள்ள போட்டு, முன் வீல் இழுக்க மெதுவா கோத்தகிரி வந்து சேந்தேன். ஸ்பேனர் எடுக்க நான் குனிஞ்ச நேரத்துல அவங்க வளைவு தாண்டிப் போயிட்டாங்க, நான் ஒரு நன்றி கூட சொல்லல. காலப் பாத்ததுமே எப்படிப் புரிஞ்சுது அவங்களுக்கு? என்கூட ஜீப்ல திரியற பசங்க பாதிப் பேருக்கு இன்னும் விளக்கிட்டிருக்கேன், புரியல.

கூடலூர் ஜிப்சி:
அண்ணே கதையெல்லாம் சரி, ஆனா மலைல இருக்கறவங்க எதுக்கு ஹப்ப ஃப்ரீல விடறீங்க? லாக்லயே இருந்திருந்தா உக்காந்த இடத்துல இருந்து ஃபோர் வீல் லிவரப் போட்டு கியர்ல நிறுத்திருக்கலாம், அந்தம்மாவுக்கு கல்லு உருட்டற வேலையும் மிச்சம்.

என்னுது சேரம்பாடி ரோட்ல. ஜூலை மழை, அந்தப் பக்கம் மழைன்னா என்னன்னு பந்தலூர்க்காரங்கள கேளுங்க. என்னுது பழைய கார்புரேட்டர் ஜிப்சி, எதிர்ல வந்த லாரி குட்டைத் தண்ணிய அப்படியே பானட் மேல அடிச்சுட்டுப் போச்சு, பத்தடி போறதுக்குள்ள வண்டி இருமி இருமி நின்னுருச்சு. பிளக்குக்கு கரண்ட்டப் பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி. பானட்டத் தூக்கிட்டு டார்ச் அடிச்சிட்டிருக்கேன், பின்னாடி இருந்து ஒரு கை வந்து டார்ச்ச மூடுச்சு. உசுரு போயிருச்சு எனக்கு. டேன்டீ, அதான் அரசு தேயிலைத் தோட்டத்து வாட்ச்மேன். வாயத் திறக்காம கண்ணால மேல காட்டறாரு. மேல மூங்கில் ஒடியற சத்தம், ரொம்பப் பக்கத்துல.

இருட்டுலயே டிஸ்ட்ரிபியூட்டர் கேப் கிளிப் ரெண்டையும் தடவி எடுத்தேன். துடைக்க எதுவும் இல்ல, நான் போட்டிருந்த சட்டை பேன்ட் எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அவர் ரெயின்கோட்டுக்குள்ள கைய விட்டு கழுத்துல சுத்திருந்த துண்ட உருவிக் குடுத்தாரு, உடம்புச் சூட்டோட. கேப்புக்குள்ள, ரோட்டர, ஒயர் நுனி எல்லாம் விரலால தொட்டுத் தொட்டு துடைச்சு மாட்டினேன். காதுல வந்து சொல்றாரு, "ஒரு தடவைதான் செல்ஃப் அடிக்கணும். பிடிச்சா நிக்காம போயிரு, பிடிக்கலன்னா என் பின்னாடி ஓடி வா." பிடிச்சிருச்சு. ஏறுங்கண்ணேன்னு கையப் பிடிச்சு இழுத்தேன், "டூட்டி இருக்கு"ன்னுட்டாரு. துண்டு என் மடிலயே வந்துருச்சு. அந்த மழைல, அந்த இருட்டுல, யானை நிக்கிற ரோட்ல அவர் நடந்து போனத நினைச்சாதான் என்னமோ பண்ணுது.

கல்லட்டி செகண்ட் கியர்:
என்னுது சின்னது. கல்லட்டி இறக்கத்துல ஒரு வெளியூர் கார், டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் இல்லாத வண்டிய அந்த வழியா இறங்க விடமாட்டாங்க, இது எந்தச் சந்துல பூந்து வந்துச்சோ. முன் வீல் ரெண்டுலயும் புகை, ஓரத்துல ஒரு குழந்தை வாந்தி எடுக்குது, அப்பா கைல ரெண்டு லிட்டர் பாட்டில் (நீலகிரில பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, கார்ல எப்படியும் ஒண்ணு இருக்கும்), அதத் திறந்து பிரேக் டிஸ்க்ல ஊத்தப் போறாரு. நான் பிடுங்கிட்டேன். மனுஷன் என்னை அடிக்கக் கை ஓங்கிட்டாரு.

இதப் படிக்கிற புதுப் பசங்களுக்காகச் சொல்றேன். கல்லட்டில 36 வளைவு, எந்த கியர்ல ஏற முடியுமோ அந்த கியர்லதான் இறங்கணும், இத எங்க தாத்தா காலத்து டிரைவருங்க போர்டு எழுதாமயே சொன்னாங்க. சூடான டிஸ்க்ல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க, கோணிக்கும், விரிசல் விடும். ஓரம்கட்டி டயருக்கு கல்லு வச்சுட்டு சும்மா ஆற விடுங்க, சூட்டோட ஹேண்ட்பிரேக்க இழுத்து வைக்காதீங்க. அடுத்தது பிரேக் ஆயில். இது நிறைய பேருக்குத் தெரியல, அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், நம்மூரு மிஸ்ட்ல கேக்கவே வேணாம். டாட் 3ங்கற வகை ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிடுச்சுன்னா 140லயே கொதிக்கும். டாட் 4ன்னா புதுசுல 230, ஈரம் ஏறினா 155. கொதிச்சா லைன்ல ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையத் தொடும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா வடிச்சு மாத்துங்க, மேல கொஞ்சம் டாப் அப் பண்ணிட்டு மாத்தியாச்சுன்னு சொல்ற பட்டறைக்குப் போகாதீங்க. டாட் 3லயும் 4லயும் டாட் 5 கலக்கவே கூடாது, அது சிலிக்கான், வேற ஜாதி. ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க 'D'ல போட்டுட்டு இறங்காதீங்க, 'L' கியரோ மேனுவல் மோடோ போடுங்க. அப்புறம் வீல் சிலிண்டர் கசியுதான்னு மாசம் ஒரு தடவை டயர் உள்பக்கம் விரல் வச்சுப் பாருங்க...

சோலூர்மட்டம் 3பி:
கல்லட்டி அண்ணே, பிரேக் ஆயில் பத்தி இங்க யாரு கேட்டா? கார்க்காரர் கை ஓங்கினாருல்ல, அடிச்சாரா இல்லையா, அதச் சொல்லாம டாட் 5க்குப் போயிட்டீங்க.

ஜிப்சி தம்பி, தார் ரோட்ல வருஷம் பூரா ஹப்ப லாக்ல விட்டா முன் ஆக்சில், முன் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுத்திட்டே வரும், டீசல நீ வந்து ஊத்துவியா? தேவைன்னாதான் லாக் பண்ணணும், அதுக்குத்தான் அது இருக்கு.

கல்லட்டி செகண்ட் கியர்:
அடிக்கல. சம்சாரம் வந்து கையப் பிடிச்சுட்டாங்க.

கேத்தி கேரட்:
ஜனவரி உறைபனி, காலைல ஆறு மணி, தோட்டத்துல புல்லு பூரா வெள்ளை. கேரட் மூட்டை ஏத்தியாச்சு, கழுவற இடத்துல நம்ம டர்ன் போயிடும்னு அவசரம், 540 ஜீப் ஸ்டார்ட் ஆகல. ஹீட்டர் போட்டு போட்டு அடிச்சு பேட்டரிய இறக்கியாச்சு. வீட்ல அம்மா குளிக்க வச்சிருந்த வெந்நிய எடுத்துட்டு வந்து மேனிஃபோல்டுல ஊத்தினேன், அதுக்கு வாங்கின திட்டு தனி. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, பம்ப்ங்கறான் ஒருத்தன், டீசல் உறைஞ்சிருச்சுங்கறான் இன்னொருத்தன். யூனிஃபார்ம் போட்டுட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணு, ஆறாவதோ ஏழாவதோ, எட்டிப் பாத்துட்டு "அங்கிள், அந்தப் பட்டை கழண்டிருக்கு"ங்கறா. பாத்தா ஹீட்டர் பிளக் நாலையும் சேக்கற பட்டைல நட்டு ஒண்ணு விழுந்து, மூணு பிளக்குக்கு கரண்டே போகல. நட்டு போட்டு, பக்கத்து வண்டில இருந்து பேட்டரி ஒயர் குடுத்ததும் பட்டுனு எடுத்துக்கிச்சு. கீழ் லைன் மெக்கானிக்கோட பொண்ணாம். "எங்கப்பா லேட்டாதான் வருவாரு, அதான் சொன்னேன்"னுட்டு பஸ் ஏறிட்டா. அன்னைக்கு சுத்தி நின்ன ஆம்பளைங்க அத்தனை பேரும், நானும் சேத்து, வாயே திறக்கல.

பூம்பாறை கமாண்டர்:
நீலகிரிக்காரங்களே பேசிட்டிருக்கீங்க, பழனி மலைலயும் ஜீப் ஓடுதுங்க. கமாண்டர் பின்னாடி பூண்டு மூட்டை, கூக்கால்ல இருந்து பூம்பாறை வர்ற வழில பின் ஸ்பிரிங் பட்டைல மெயின் பட்டையே ஒடிஞ்சு ஆக்சில் பின்னாடி தள்ளிருச்சு, டயர் பாடில உரசுது. லோடு இறக்கவும் ஆள் இல்ல. மேல பூண்டு வயல்ல நின்னவர் அரிவாளோட இறங்கி வந்தாரு. பாத்துட்டு யூகலிப்டஸ் கிளை ஒண்ண வெட்டி, சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல அளவு பாத்துச் செதுக்கி, அடிச்சு இறக்கி, மூட்டை கட்டற கயித்தாலயும் கம்பியாலயும் இறுக்கிக் கட்டினாரு. அந்தக் கட்டு இருக்கே, பிரசவ வீட்ல தொட்டில் கட்டற மாதிரி அவ்ளோ நிதானம். காசு நீட்டினேன், வாங்கல. "கொடைக்கானல்தான போறீங்க? பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கிட்டு வந்துருங்க, கருப்பு, நாலாம் நம்பர்"னு ஷூவுக்கு மட்டும் எண்ணிப் பணம் குடுத்தாரு.

ஷூ அன்னைக்கே வாங்கிட்டேன். பட்டறைல பட்டை வரல, நாளைக்கு நாளைக்குன்னு வாரத்த ஓட்டிட்டாங்க. திரும்பிப் போனா வயல்ல பூண்டு பறிச்சு முடிச்சாச்சு, கூலிக்கு வந்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்க, எந்த ஊருன்னு வயல்காரருக்கே தெரியல. மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் கேட்டுப் பாத்தேன். அந்தப் பையனுக்கு இப்போ கால் வளந்திருக்கும்.

கூடலூர் ஜிப்சி:
கமாண்டர் அண்ணே, வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்த மேஸ்திரியப் பிடிங்க, வயல்காரருக்குத் தெரியாது, மேஸ்திரிக்கு வீடு வரைக்கும் தெரியும். எங்க பக்கமும் அப்படித்தான் ஆளக் கண்டுபிடிப்போம். கிடைச்சா அஞ்சாம் நம்பரா மாத்திக் குடுங்க.

பூம்பாறை கமாண்டர்:
இது தோணவேயில்ல தம்பி. அடுத்த பூண்டு சீசனுக்கு மேஸ்திரி வருவாரு, கேக்கறேன்.

கல்லட்டி செகண்ட் கியர்:
கமாண்டர் தம்பி, மெயின் பட்டை மாத்தினப்போ சென்டர் போல்ட்டும் புதுசு போட்டாங்களா? பழசையே போட்டிருந்தா திரும்ப ஆக்சில் நகரும். யூ போல்ட்ட கொஞ்ச தூரம் லோடோட ஓடினப்புறம் இன்னொரு தடவை டைட் வைக்கணும், இது யாரும் செய்யறதில்ல. புஷ்ஷும் பாத்துக்குங்க, அப்புறம் ஷாக்கிள் பின்னுக்கு கிரீஸ்...

சோலூர்மட்டம் 3பி:
ஆரம்பிச்சிட்டாரு.