பாபியைப் பார்க்கப் போன சனிக்கிழமை

இங்கிலாந்தின் ரெடிங் ஊரில் என் ஆபீஸ் பக்கத்தில் ஃபோர்பரி கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா, நடுவில் பெரிய இரும்புச் சிங்கம். வெயில் அடிக்கிற நாளில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அங்கேதான் திறப்பேன். பீடத்தில் வரிசையாகப் பெயர்கள் இருப்பது தெரியும், ஆனால் நின்று படித்ததில்லை. சிற்பி சிங்கத்தின் கால்களைத் தப்பாகச் செய்துவிட்டு அவமானத்தில் உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு, அதை நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். சிங்கம் வைத்தது 1886இல். சிற்பி ஜார்ஜ் பிளாக்கால் சைமண்ட்ஸ் இறந்தது 1929இல்.

அந்தப் பெயர்கள் யாருடையவை என்று எனக்குப் புரிந்தது சாலிஸ்பரி போன பிறகுதான். அதுவும் என் எட்டு வயதுப் பெண்ணால். பதக்கம் வாங்கிய நாய் ஒன்று அங்கே இருக்கிறதாம், பார்த்தே ஆகவேண்டும் என்றாள். சரி என்று பேசிங்ஸ்டோக்கில் ரயில் மாறிப் போனோம். எல்லோரும் கதீட்ரலுக்குள் போக, நாங்கள் அதே வளாகத்தில் 'தி வார்ட்ரோப்' என்கிற பழைய வீட்டுக்குள் நுழைந்தோம். ஒரு காலத்தில் பிஷப்பின் துணிமணிகள் வைக்கிற இடமாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது பெர்க்ஷயர், வில்ட்ஷயர் என்ற இரண்டு கவுன்டிகளின் காலாட்படை ரெஜிமென்ட்களுக்கான மியூசியம். சில அறைகள்தான்.

அந்த நாய்தான் பாபி, பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சின்ன வெள்ளை நாய், நம் தெருவில் திரிகிற குட்டி அளவுதான். கழுத்தில் பதக்கம், பச்சை நாடா, அதன் இரண்டு ஓரமும் கருஞ்சிவப்பு. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு அசையவே இல்லை.

66ஆவது பெர்க்ஷயர் ரெஜிமென்டில் சார்ஜென்ட் கெல்லி என்பவருடைய நாய் அது. 1880 ஜூலை 27, கந்தஹாருக்கு மேற்கே மைவந்த் என்ற ஊர், எதிரில் ஆப்கான் இளவரசர் அயூப் கானின் பெரும்படை. அந்த ஒரு நாளில் 66ஆவது ரெஜிமென்டில் மட்டும் 286 பேர் செத்தார்கள். ரெடிங் சிங்கத்தின் பீடத்தில் இருப்பது இந்த ரெஜிமென்டில் செத்தவர்களின் பெயர்கள்தான். கடைசியில் ஒரு தோட்டத்தில் பதினோரு பேர்தான் மிச்சம். அவர்கள் வெளியே வந்து, சுற்றி வளைக்கப்பட்ட நிலையிலும் கடைசி ஆள் விழும்வரை சுட்டுக்கொண்டே நின்றார்கள் என்பது எதிர்ப்பக்கத்து அதிகாரி ஒருவர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. பாபி கடைசிவரை அவர்களோடு இருந்ததாகச் சொல்கிறார்கள். கந்தஹாருக்குப் பின்வாங்கியவர்களிடம், முதுகில் காயத்தோடு அது எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. மறு வருடம் விக்டோரியா மகாராணி ஆஸ்போர்ன் மாளிகையில் தன் கையாலேயே பதக்கம் அணிவித்தார். அதற்கடுத்த வருடம் காஸ்போர்ட் தெருவில் குதிரை வண்டி ஏறிச் செத்துப்போனது. அத்தனை குண்டுக்கும் தப்பிய நாய். இந்த இடத்தில் என் மகள் அழுதுவிட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது.

எனக்கு இன்னொன்றும் மனதில் நிற்கிறது. அன்று 66ஆவது ரெஜிமென்டோடு சேர்ந்து சண்டை போட்டவர்கள் பம்பாய் கிரெனடியர்ஸ், ஜேக்கப்ஸ் ரைஃபிள்ஸ் படைகளின் இந்தியச் சிப்பாய்கள். அன்று பிரிட்டிஷ் தரப்பில் செத்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் கிளம்பி வந்த கிராமங்களில் இப்படி ஒரு வீடு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த அறையிலேயே நினைத்தேன்.

ஒரு கவுன்டிப் பையன்கள் ஒரே ரெஜிமென்டில் சேர்ந்த காலம் அது, அதனால் இங்கே வருகிறவர்கள் தங்கள் வீட்டு ஆளைத் தேடி வருகிறார்கள். நாங்கள் இருந்தபோதே ஒரு வயதானவர், கவருக்குள் ஒரு பழைய போட்டோவோடு வந்து, தாத்தா எந்த பட்டாலியன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயத் தாத்தா தன் அப்பா முதல் உலகப் போரில் இந்த ரெஜிமென்ட்களில் இருந்தார் என்று சொன்னால், இந்த மியூசியம் அந்தக் காலப் போர் நாட்குறிப்புகளை இணையத்தில் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். தேதி தெரிந்தால் போதும், அன்று அவருடைய பட்டாலியன் எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். கிளம்புவதற்கு முன் பின்பக்கத் தோட்டத்துக்குப் போங்கள், ஏவன் நதிவரை போகிறது.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மகளைச் சிங்கத்திடம் கூட்டிப் போனேன். பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கெல்லி பேர் எங்கேப்பா?"

"அவர் பிழைச்சு வந்துட்டாரும்மா. இது திரும்பி வராதவங்க பேர்."

அப்புறம் அவள் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.